நிற்க ஒரு கால் கேட்டேன்

எனக்கு வைத்த செயற்கை மூட்டில் சீழ் பிடித்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் ஜெபிப்பதை நிறுத்தினேன். கோபத்தில் நிறுத்தவில்லை. ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடினால் வார்டில் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்கும். 'ஆண்டவரே' என்று தொடங்குவேன். அடுத்த சொல் வராது.

இதைச் சபைக்குச் சொல்லும்படி போதகர் பல தடவை கேட்டார். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சாட்சி சொல்கிறவர்கள் எல்லாம் கடைசியில் சுகமாகி எழுந்து ஓடுவார்கள். நான் ஓடவில்லை. இன்றைக்கும் வீட்டு வாசல்படி இறங்கச் சுவரைப் பிடிக்கிறேன். அப்படியிருந்தும் ஆண்டவர் எனக்குச் செய்ததை மறைத்துவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னோடு சேர்ந்து அழுத சபைக் குடும்பத்தாரே, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் பெயர் ராணி. அறுபத்தெட்டு வயது. கிள்ளானில் ஒரு பழைய வரிசை வீட்டில் இருக்கிறேன். கையுறை செய்யும் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தேன். சூட்டோடு அச்சில் வரிசையாக வரும் கையுறைகளை உருவிப் போட வேண்டும். உட்காரவே முடியாது. என் முழங்கால் தேய்ந்தது அங்கேதான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு ஒரே ஒரு அக்கா, பெயர் தவமணி. பிரிக்பீல்ட்ஸில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருந்தாள். அவள் வீட்டுக்காரர் இறந்தபிறகு, பிள்ளை இல்லாத அவள் என்னோடு வந்துவிட்டாள்.

அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். பாடகர் குழுவில் யார் சுருதி தப்பினாலும் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாளே, அவள்தான். என் சமையலில் குறை சொல்லாமல் ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. எனக்கும் அவளுக்கும் சண்டை வராத நாள் இருக்காது. சண்டை போட ஆள் இருந்ததால்தான் அந்த வீடு வீடாக இருந்தது என்று இப்போது புரிகிறது.

ஊரடங்கெல்லாம் முடிந்த மறு வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு குழறியது. அன்றிலிருந்து அவளைத் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது எல்லாம் நான்தான். அக்கா கனமான உடம்புக்காரி. என் முழங்கால் ஏற்கனவே வளைந்து போயிருந்தது. ஒவ்வொரு தடவை அவளைத் தூக்கும்போதும் மூட்டுக்குள் மண்ணை அரைப்பதுபோல் இருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் அவளைக் குளியலறைக்கு நடத்திக் கூட்டிப்போகும்போது என் வலது கால் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் விழுந்தோம். அவள் என்மேல் கிடந்தாள். என்னால் அவளை நகர்த்த முடியவில்லை, அவளாலும் நகர முடியவில்லை. ஈரத் தரையில் அப்படியே கிடந்தோம். வாளிக்குத் திறந்துவிட்ட குழாயை மூடாததால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா அழவில்லை. குழறிக் குழறி என் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காக் ஜைனாப், தண்ணீர் வெளிவாசல்வரை வருவதைப் பார்த்துவிட்டு மகனைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவர்கள்தான் எங்களைத் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகுதான் அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வருவதற்கே ஒரு வருஷத்துக்கு மேலானது. இனிப்புநீர் நோய் இருக்கிறது, சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். வைத்தேன். ஒரே கவலை அக்கா. கிள்ளானில் அவளைப் போன்றவர்களை எடுத்துக்கொள்ளும் முதியோர் இல்லம் எதிலும் இடமில்லை. ரவாங்கில் ஒன்று கிடைத்தது. சபை வேனில் கொண்டுபோய் விட்டோம். நான் கிளம்பும்போது அக்கா நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்ப வருவ?"

"கிறிஸ்மஸுக்கு நீ வீட்ல இருப்பக்கா. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அக்டோபரில் வலது காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு அனுப்பினார்கள். சபையில் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். நானும் சொன்னேன். பிறகு தையலின் கீழ்முனையில் லேசாகக் கசிந்தது. புண் ஆறும்போது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்துக் கிளினிக்கில் கட்டு மாற்றி மாத்திரை கொடுத்தார்கள். கசிவு நிற்கவில்லை. முழங்கால் சிவந்து அடுப்புபோல் கொதித்தது. ஒரு காலை எழுந்தபோது பற்கள் தட்டித் தட்டிக் குளிர் நடுங்கியது. காக் ஜைனாபின் மகன்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

முதலில் மூட்டைத் திறந்து கழுவினார்கள். பயனில்லை. பிறகுதான் டாக்டர் என் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றபடி பேசிவிட்டுப் போகிற டாக்டர் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வைத்த மூட்டை எடுக்க வேண்டும் என்றார். கிருமி அந்த உலோகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உலோகம் உள்ளே இருக்கும்வரை மருந்து அதைக் கொல்லாது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டை வைத்து மூடுவோம், பல வாரம் நரம்பில் மருந்து ஏற்றுவோம், கிருமி போனால் புதிய மூட்டு வைப்போம் என்றார். போகாவிட்டால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரங்களைப் பற்றி என்ன சொல்ல. கால் ஒரு கட்டைபோல் கட்டிலில் கிடந்தது. மடக்க முடியாது, ஊன்ற முடியாது. மலம் கழிக்கவும் கட்டிலில்தான். அக்காவுக்கு இத்தனை நாள் நான் செய்ததை எல்லாம் யாரோ எனக்குச் செய்தார்கள். அப்போதுதான், நான் கழுவிவிடும்போது அவள் முகத்தை ஏன் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள் என்று எனக்குத் தெரிந்தது. நானும் திருப்பிக்கொண்டேன்.

கிறிஸ்மஸும் வந்தது. நம் சபையிலிருந்து பாட வந்தீர்கள். சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளைகள் என் கட்டிலைச் சுற்றி நின்று பாடினார்கள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். மன்னியுங்கள், தூங்கவில்லை. ரவாங்கில் என் அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள் என்பதைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

இல்லத்துக்குப் போன் போடுவேன். வேலை செய்யும் பெண் போனை அக்கா காதில் வைப்பாள். முதலில் "எப்ப வர?" என்று கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். மூச்சுச் சத்தம் மட்டும் வரும். நான் பாட்டுக்குப் பேசுவேன். ஜனவரியில் அந்தப் பெண் சொன்னாள், பாட்டி சரியாகச் சாப்பிடுவதில்லை, வாயைத் திறப்பதில்லை, முதுகில் புண் வந்திருக்கிறது என்று. அந்த இல்லத்தை நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு பெண்கள் வீடு நிறைய ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அக்காவுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். கரண்டியை நல்ல பக்கத்து உதட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அவள் வாயை இறுக்கிக்கொள்வாள்.

இதற்கு நடுவே நம் ஜெபக் குழுவைச் சேர்ந்த ஒரு சகோதரி என்னைப் பார்க்க வந்தார். நல்ல மனதோடுதான் வந்திருப்பார். மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார். யோசித்தேன். வேறு வேலை என்ன, படுத்துக்கொண்டு அதைத்தான் யோசித்தேன். சின்ன வயதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, எதற்காக இந்தக் கால் என்று தேடினேன். அது வலியைவிட மோசமான வலி. மறுநாள் போதகரின் மனைவி வந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என் வீங்கிய பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வருகை நேரம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றுதான்.

தைப்பூச விடுமுறைக்குப் பிறகு டாக்டர் மறுபடி நாற்காலியை இழுத்துப் போட்டார். இரத்தப் பரிசோதனையில் கிருமியின் அளவு இறங்கவில்லை. மருந்தை மாற்றப் போகிறோம், இதுதான் மிச்சம் இருக்கும் வழி என்றார். அது கேட்காவிட்டால் உயிரைக் காப்பாற்றத் முழங்காலுக்கு மேலே காலை எடுக்க வேண்டியிருக்கும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போனபிறகு போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தேன். வீங்கி, நிறம் மாறி, யாருடையதோபோல் கிடந்தது.

பக்கத்துக் கட்டிலில் செலாயாங்கைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். அவருக்கும் முழங்கால்தான். பாசாரில் காய்கறி விற்றவர். அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்து அன்று வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூட்டிப்போக வந்த மகள், பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனபோது எனக்காகவும் வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். அந்த அம்மா வாக்கரைப் பிடித்தபடி நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறாமைப்பட்டேன். பிறகு அழுதேன். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அழுகை வந்தது. வெளியே பெருமழை. அழுகையோடு சேர்ந்து வாயும் திறந்தது.

ஜெபம் நின்றுபோகும்வரை நான் ஜெபித்ததெல்லாம் சுகம் கொடுங்கள், பழையபடி நடக்க வையுங்கள் என்றுதான். அக்காவைத் தூக்க முடியாமல் தவித்த நாட்களில், எங்கள் இரண்டு பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அப்படிக் கேட்கவில்லை. நான் கேட்டது இதுதான்:

"ஆண்டவரே, நடக்கிற கால் வேணாம். நிக்கிற கால் ஒன்னு குடுங்க. எங்கக்கா கட்டில்கிட்ட நின்னு அவளுக்கு ஊட்டணும். அவ போறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அதுக்கப்புறம் எடுத்துக்கணும்னா எடுத்துக்குங்க."

எந்த வெளிச்சமும் வரவில்லை, குரலும் கேட்கவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. ஆனால் அன்று சாயங்காலம் கொண்டுவந்த சோற்றை முழுவதும் சாப்பிட்டேன். சாகப்போகிறவள் சாப்பிடமாட்டாள் இல்லையா.

புதிய மருந்து குமட்டலைக் கொடுத்தது. வாயெல்லாம் புண்ணானது. ஒவ்வொரு முறை இரத்தம் எடுக்க வரும்போதும், 'நிற்க ஒரு கால்' என்று மனதுக்குள் சொல்வேன். அடுத்த பரிசோதனையில் அளவு கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. தாதி வந்து சொன்னபோது நம்பாமல் மறுபடி கேட்டேன். மருந்து வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். நானும் அதைத்தான் சொல்கிறேன், மருந்து வேலை செய்தது. அந்த மருந்து வேலை செய்ய வேண்டும் என்றுதானே ஜெபித்தேன்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரம் புதிய மூட்டு வைத்தார்கள். முதலில் வைத்ததைவிடப் பெரியது. இத்தனை முறை திறந்து மூடிய கால், முன்போல் மடங்காது, வலியும் முழுவதும் போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

உடற்பயிற்சி கொடுக்க வந்த பெண்ணின் பெயர் நூருல். முதல் நாளே மலாயில் ஒரு கேள்வி கேட்டாள். ஆன்டி, இந்தக் காலை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? அதுவரை எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு வலிக்கிறது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. படுத்திருக்கும் ஒரு ஆளைத் திருப்பிப் போட வேண்டும், ஊட்ட வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து அதையே பழக்கினாள். ஒரு கட்டிலில் தலையணைகளை உருட்டிக் கட்டி வைத்து, குனியாமல் எப்படி நிற்பது, எடையை இடது காலுக்கு மாற்றி எப்படி இழுப்பது என்று கற்றுக்கொடுத்தாள். வலியில் நான் கத்தியதை அவள் பொருட்படுத்தவே இல்லை. நான் கேட்ட காலுக்கு ஏற்ற ஆளையும் ஆண்டவர் அனுப்பிவைத்தார் என்றே நினைக்கிறேன்.

ஜூன் மாதம் ரவாங்குக்குப் போனேன். போதகரும் அவர் மனைவியும் வந்தார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனதும் எந்தக் கட்டில் அக்காவுடையது என்று எனக்குத் தெரியவில்லை. கனமாக இருந்தவள். போர்வைக்குள் ஒரு குழந்தை அளவுக்குக் கிடந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். முதுகில் கை நுழையும் அளவுக்குப் புண். நான் "அக்கா" என்றேன். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கேயே நின்றேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் கை போர்வைக்குள்ளிருந்து வெளியே வந்து என் சட்டை நுனியைப் பிடித்தது. முகம் இன்னும் சுவர்ப்பக்கம்தான்.

அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அவளை வீட்டுக்குக் கொண்டுபோனால் நீங்களும் விழுந்துவிடுவீர்கள் என்று பலர் தடுத்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சபை வாலிபர்கள் கட்டிலின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து உயர்த்திக் கொடுத்தார்கள், நான் குனியாமல் இருக்க. காக் ஜைனாப் காலையும் மாலையும் வந்து அவளைத் தூக்கக் கை கொடுத்தார். புண்ணுக்கு மருந்து கட்டக் கிளினிக் தாதி வந்தார். மற்றதெல்லாம் நான். அவள் கட்டிலருகே நின்று கஞ்சி ஊட்டினேன். முதல் நாள் கரண்டியை உதட்டில் வைத்துக் காத்திருந்தேன். வெகுநேரம் காத்திருந்தேன். என் கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு வாயைத் திறந்தாள்.

சில நாள் கழித்து, துடைத்துவிடும்போது என் பாவாடை விலகி முழங்கால் தெரிந்தது. தழும்பு மேலே இருந்து கீழேவரை தடித்துக் கிடக்கும். அக்கா நல்ல கையை நீட்டி அதைத் தொட்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுக்கா."

"எனக்கும்," என்றாள். கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு, "கஞ்சில உப்பு இல்ல," என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இந்தச் சாட்சியில் சிரிப்பு அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

அவள் தேறவில்லை. புண் ஆறுவதுபோல் ஆறி மறுபடி விரியும். மழைக்காலம் தொடங்கியபோது விழுங்குவதும் குறைந்தது. ஆஸ்பத்திரிக்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நவம்பரில் ஒரு மத்தியானம், அவளை வலப்பக்கம் திருப்பிப் போட்டு, தலையணையை முதுகுக்கு அண்டை கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். மூச்சு மாறியிருந்தது. ஒரு கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அவள் கன்னத்தில் வைத்து நின்றேன். அவள் பாடகர் குழுவில் பாடிய பாட்டைப் பாட முயன்றேன். சுருதி சேரவில்லை. அவள் கண்ணைத் திறந்து, பழையபடி அந்தப் பார்வை பார்த்தாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு மூச்சு வரவில்லை.

நான் கேட்டது அதுதான். அதைக் கொடுத்தார்.

இனி என்ன நிலைமை என்று கேட்பீர்கள். அக்கா போனபின் வீடு தாங்க முடியாத அமைதியாக இருக்கிறது. கால் வலிக்கிறது. மழை வருவதற்கு முன்பே அதற்குத் தெரிந்துவிடும். தரையில் உட்கார முடியாது, பஸ் படி ஏற ஆள் வேண்டும். இடது காலும் தேய்ந்துவிட்டது, அதற்கும் செய்யலாம் என்கிறார் டாக்டர். எனக்கு இன்னும் பயம் விடவில்லை. ஆனால் அடுப்படியில் நின்று சமைக்கிறேன். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகிறேன். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் போகலாமா என்று நம் சபையில் வயதானவர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். போங்கள் என்றுதான் சொல்கிறேன். பலருக்கு அது நல்லபடியாகவே முடிகிறது, என்னைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஆனால் புண் கசிந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அறுவைச் சிகிச்சை செய்த டாக்டரிடமே ஓடுங்கள் என்றும் சொல்கிறேன்.

என் ஜெபமும் மாறிவிட்டது. முன்பு பொதுவாக ஆசீர்வாதம் கேட்பேன். இப்போது இந்த வலியில் எனக்கு எது இல்லாமல் முடியாது என்று பார்த்து, அதைக் கேட்கிறேன். கேட்டதெல்லாம் கிடைத்ததா என்றால், இல்லை. என் அக்கா பிழைக்கவில்லை. ஆண்டவர் என்னைத் தனியாக விடவில்லை என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன். நன்றி சொல்லத் தொடங்கினால் அந்தக் கட்டிலருகே நின்ற ஒவ்வொரு நாளுக்கும் சொல்ல வேண்டும்.

திருவிருந்தின்போது எல்லாரும் முன்னே போய் முழங்காலில் நிற்கிறீர்கள். என்னால் முடியாது. அதனால் போதகர் அப்பத்தை என் இடத்துக்கே கொண்டுவருகிறார். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போது இல்லை. உங்களில் யாருக்காவது முழங்கால் மடங்கவில்லையா? வீட்டில் யாரோ படுத்திருக்கிறார்களா? 'ஆண்டவரே' என்பதற்குப் பிறகு அடுத்த சொல் வரவில்லையா? இடப்பக்கம் கடைசி பெஞ்சில் இருப்பேன். வந்து பக்கத்தில் உட்காருங்கள். சொல் வரும்வரை சேர்ந்து காத்திருப்போம்.